கூட்ஸ் பெட்டிச் சிவப்பு

துருப்பிடித்த இரும்பின் நிறம் என்றாலே எனக்குக் குமட்டும். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. வாடகை வீட்டுக் கம்பிக் கதவுக்கு ரெட் ஆக்சைடு அடிக்க வந்த பெயின்டரிடம், "வேற கலர் இருந்தா அடிங்க, இல்லாட்டி அப்படியே விட்டுட்டுப் போங்க" என்று சண்டை போட்டிருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அந்த நிறத்தை வைத்து நான் ஒரு மனிதருடைய கண்ணைப் பிடுங்கியிருக்கிறேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. வாய் நிறைய ஒரு பொய், அவ்வளவுதான்.

நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. திருச்செந்தூர் பக்கத்திலிருந்து அக்கா குடும்பத்தோடு திருப்பூர் வந்து, அவிநாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஆபீசில் சேர்ந்திருந்தேன். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த புண்ணியத்தில் எனக்கு இங்கிலீஷ் வரும். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் எழுதி அனுப்புவதைப் படித்து முதலாளிக்கும் மற்றவர்களுக்கும் தமிழில் சொல்ல வேண்டும். வேலைக்குப் பெயர் அசிஸ்டென்ட் மெர்ச்சன்டைசர். உண்மையில் சம்பளம் வாங்குகிற கிளிப்பிள்ளை.

முதலாளி இந்த ஊர்க்காரர். அப்பா காலத்தில் பருத்தியும் புகையிலையும் போட்ட காட்டில் இவர் கம்பெனி கட்டினார். பின்னாடியே துணிக்குச் சாயம் ஏற்றச் சொந்தமாக ஒரு டையிங்கும் வைத்திருந்தார். மனுஷன் யாரையும் வா, போ என்று பேச மாட்டார். வாங்க, போங்கதான். வேலையை விட்டுத் துரத்தும்போதுகூட "சித்த அக்கட்டால போயிருங்க" என்றுதான் துரத்துவார். எங்கள் ஊரில் திட்டு என்றால் அது திட்டு மாதிரி இருக்கும். இங்கே அதற்கும் ஒரு 'ங்க' போட்டுச் சர்க்கரைப்பாகில் முக்கித் தருவார்கள். வந்த புதிதில் எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. போகப்போக அவர் வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் எரிச்சல் வந்தது.

டையிங்கைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து துண்டுத் துணி இருக்கும். சாயம் ஏறிய துணியை ஆபீஸ் விளக்கில் பார்க்கவே மாட்டார். காலை வெயிலில் முற்றத்துக்குக் கொண்டுபோய், மாதிரித் துணியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரு தடவை பார்ப்பார். பிறகு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கிடையாது. "நீலம் ஒரு பொட்டு ஏறிப்போச்சுங்க" என்றால் ஏறியிருக்கும். வேறு கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் கலர் தகராறு வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு இவரிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள். இந்த ஊரில் சாய மாஸ்டருக்குப் பேர் என்றால் கண்தான். கண் போனது என்று ஒரு டீக்கடையில் பேச்சு வந்தால் போதும், அதற்குமேல் எந்த டையிங்கிலும் அவரை உள்ளே விட மாட்டார்கள்.

அந்த வருஷம்தான் அமெரிக்காவிலிருந்து அந்தக் கருமாந்திர ஆர்டர் வந்தது. அங்கே கரி எஞ்சின் ஓடிய காலத்துக் கூட்ஸ் வண்டிகள் மேல் உயிரை வைத்திருக்கும் கிழவர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். அந்த வண்டிகளைத் தீப்பெட்டி அளவுக்குச் செய்து வீட்டில் ஓட விட்டுப் பார்ப்பார்களாம். அவர்களுக்குச் சாமான் விற்கிற கடை, டி-ஷர்ட் வேண்டும் என்றது. டி-ஷர்ட்டின் நிறம் அந்தக் காலத்து மூடிய சரக்குப் பெட்டியின், அவர்கள் பாஷையில் பாக்ஸ்காரின், பக்கவாட்டுப் பலகை நிறமாக இருக்க வேண்டும். நெஞ்சில் அந்தப் பெட்டியில் எழுதியிருந்த எண்ணும் எடையும் வெள்ளை எழுத்தில் வர வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் பதினான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

பதினான்கு பக்கமும் பெயின்ட். பெட்டியின் கூரைக்குத் தார் மாதிரிக் கறுப்பு பூசி, காய்வதற்குள் மேலே மணல் தூவ வேண்டும். அடிச்சட்டத்துக்கு வேறு கறுப்பு. பக்கவாட்டுக்கு இரும்புத் துருப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்து மூன்று கோட்டு. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. எழுத்து எத்தனை அங்குல உயரம், எந்த மூலையில் தேதி போட வேண்டும், எடை போட்ட பிறகு எந்த இடத்தை மட்டும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். பெட்டி ஷெட்டிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்த மாதிரிப் புதிதாக இருக்க வேண்டும், ஆனால் கொஞ்சமும் மினுங்கக் கூடாது. நாம் கேட்டது டி-ஷர்ட்டுக்கு அளவு. கூரையில் மணல் தூவுவது எனக்கு எதற்கு? பன்றியும் நெல்லும் ஏற்றிப்போன பெட்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்று படிக்கப் படிக்க வெறுப்பாக வந்தது.

முதலாளிக்குப் படித்துச் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"துருப்புடிச்ச கலருக்குப் பதினாலு பக்கமுங்களா? கண்ணாலப் பத்திரிக்கையே ரெண்டு பக்கந்தானுங்க அம்மிணி."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். "மீதியெல்லாம் சும்மா பெயின்ட் கதை சார்" என்று சொல்லி ஒன்பதாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்கவில்லை. படித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதைச் செய்யவில்லை. இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன், அப்புறம் யாரும் எனக்குச் சப்பைக்கட்டுக் கட்ட வேண்டாம்.

நிறத்துக்கு மாதிரியாக ஒரு தகடு வந்தது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவு இரும்புத் தகடு. ஒரு பக்கம் அந்தப் பெயின்ட். பின்பக்கம் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. ஒரே டப்பாவிலிருந்து இரண்டு தகடு அடித்து, ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டு ஒன்றை நமக்கு அனுப்பியிருந்தார்கள். துணி இந்தத் தகட்டின் நிறத்தில் இருக்க வேண்டும். கூரியர் வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். முதலாளி காரில் ஏறப்போகிற அவசரத்தில் அரைப்பார்வை பார்த்து, "செரி, செரி, மாஸ்டர்கிட்டக் குடுத்துருங்க" என்றார். மாஸ்டர் மிஷின்களைக் கழுவிவிடும் வேலையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். "பூசை முடியட்டுமுங்க அம்மிணி, நாளான்னிக்கு வாங்கிக்கறேன்" என்றார். ஆக, அந்தத் தகட்டை வந்தபடியே நின்று பார்த்தது நான் ஒருத்திதான்.

ஆயுத பூஜை என்றால் திருப்பூரில் எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஊசியைக்கூட விட மாட்டார்கள். தையல் மிஷின், கத்தரி, ஸ்கேல், கால்குலேட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். பொரி கடலையும் பூசணிக்காயும் தெருவெல்லாம். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். போன வருஷம் அந்த நாளில் ஓரமாக நின்றதற்கு அக்கவுன்ட்ஸ் பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். "அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் ஆகாதுங்க" என்று என் காதுபடப் பேசினார்கள். அதனால் இந்த வருஷம் ஒரு வைராக்கியம். எல்லோரையும்விட நான்தான் நன்றாகத் துடைப்பேன் என்று இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் மேசையில் இருந்த சாமானை எல்லாம் துடைத்தேன். தகடு கையில் வந்தது. சாக்பீஸ் தூள் படிந்த மாதிரி மங்கலாக, உயிரில்லாமல் கிடந்தது. இதையா சாமிக்கு முன்னால் வைப்பது என்று தோன்றியது. தையல் மிஷினுக்குப் போடுகிற வெள்ளை எண்ணெய் பக்கத்தில் இருந்தது. நாலு சொட்டு விட்டு, பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் தேய்த்தேன். எண்ணெயை அது குடித்தது. குடிக்கக் குடிக்கத் தகடு கருத்து, மழையில் நனைந்த செம்மண் மாதிரி ஆகிவிட்டது. மிச்ச எண்ணெயைத் துடைத்ததும் என்ன அழகு! மூலையில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். அக்கவுன்ட்ஸ் பெண்ணே, "அட, அம்மிணி சூப்பரா தொடச்சிருக்குதே" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. மறுநாள் மாஸ்டர் வந்து தாம்பாளத்திலிருந்தே அந்தத் தகட்டை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். குங்குமத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல ஆழமான கலருங்க. புடிச்சுரலாம்."

வழக்கமாக என்றால் சின்னத் துணியில் சாயம் ஏற்றி, அமெரிக்காவுக்கு அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் மொத்தத் துணியையும் மிஷினில் விட வேண்டும். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. கப்பலுக்கு நாள் நெருங்குகிறது என்று, "மாஸ்டர் கண்ணு இருக்கறப்ப அப்ரூவல் எதுக்குங்க? உட்டுருங்க" என்றுவிட்டார். மாஸ்டர் ஒரு தடவை தயங்கினார். "ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்றார். "உங்க மேல எனக்கு இருக்கற நம்பிக்கை உங்களுக்கு இல்லீங்களா?" என்றார் முதலாளி. அப்படிக் கேட்டால் யார்தான் என்ன சொல்வது? மொத்தத் துணியும் மிஷினுக்குள் போனது. அந்த இரண்டு நாளும் டையிங்குக்குப் பின்னால் சாக்கடை அதே நிறத்தில் ஓடியது. அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான் நாங்கள் சாப்பிடப் போவோம்.

துணி வெளியே வந்ததும் மாஸ்டர் முற்றத்தில் நின்று பார்த்தார். ஒரு தடவை. முதுகைக் காட்டி இன்னொரு தடவை. பிறகு என்னைக் கூப்பிட்டுத் துணி மேல் தகட்டை வைத்துக் காட்டினார். எது துணி, எது தகடு என்று ஓரத்தைத் தடவித்தான் சொல்ல முடியும். அப்படி ஒட்டியிருந்தது. தகட்டை என் ஃபைலில் திருப்பி வைத்தேன். ஒரு துண்டுத் துணி கூரியரில் அமெரிக்கா போனது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மெயில் வந்தது. முதலாளி இன்னும் வரவில்லை. நான்தான் முதலில் படித்தேன். துணி நிராகரிக்கப்பட்டது. நிறம் மிகவும் கருப்பு. இது காய்ந்த பெட்டியின் நிறமே இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்த பெட்டியின் நிறம் என்று எழுதியிருந்தார்கள். பதினோராம் பக்கத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறோமே, பார்க்கவில்லையா என்றும் கேட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். இருந்தது. இந்தப் பெயின்ட் எண்ணெய் பட்டால் கருத்துவிடும். அந்தக் காலத்தில் சில ஷெட்டுகளில் பழைய பெட்டியை எண்ணெய்த் துணியால் துடைத்துப் புதிது என்று ஏமாற்றுவார்கள். ஆகவே மாதிரித் தகட்டில் எண்ணெயோ மெழுகோ வார்னிஷோ படவே கூடாது. கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். மாஸ்டரைப் பற்றித் தோன்றவில்லை. வேலை போய்விடும் என்று தோன்றியது. அதைவிட, 'பூசையில வெச்சு வேதக்காரி வேலையக் காமிச்சுட்டா' என்று அக்கவுன்ட்ஸ் அறையில் பேசப்போவது காதில் கேட்டது. தகட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். சோப்புத்தூளைக் குழைத்து, நகம் படாமல், பின்பக்க நம்பர் நனையாமல், விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கறை எடுக்க வைத்திருக்கும் பெட்ரோலைத் தொட்டுத் துடைத்தேன். ஜன்னல் வெயிலில் காயவைத்தேன். அரை மணி நேரத்தில் தகடு பழையபடி மங்கலாகி, சாக்பீஸ் தூள் படிந்த மாதிரி வந்துவிட்டது. த்தூ! நினைத்தால் இப்போதும் என் விரல்களை மோந்து பார்க்கிறேன்.

முதலாளி வந்ததும் மெயிலைப் படித்துச் சொன்னேன். எண்ணெய் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "ரொம்ப டார்க்கா இருக்காம் சார்" என்று மட்டும் சொன்னேன். படித்துச் சொல்பவள் நான்தானே. நான் விழுங்கியதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முற்றத்தில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. முதலாளி ஒரு கையில் துணியையும் ஒரு கையில் தகட்டையும் நீட்டினார். குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். துணி கருஞ்சிவப்பு. தகடு செங்கல் பொடி.

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். ஒரு தடவை. முதுகைக் காட்டி இன்னொரு தடவை. பிறகு அவர் வாழ்க்கையில் நான் பார்த்தே இராத மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"இது அந்தத் தகடு இல்லீங்களே" என்றார்.

"தகடு என்னங்க மாஸ்டர், பச்சோந்தியா?" என்றார் முதலாளி. "பின்னாடி நம்பரப் பாருங்க."

மாஸ்டர் திருப்பி நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. உதவி கேட்கிற முகம். வழி தெரியாத ஊரில் பஸ் நம்பர் கேட்பார்களே, அந்த மாதிரி.

"அம்மிணி, நீங்கதான வாங்கி வெச்சீங்க? வேற தகடு ஏதாச்சும் வந்துச்சுங்களா? நான் பாத்தப்ப இந்தக் கலரு இல்லீங்களே? நீங்களும் அன்னிக்குப் பாத்தீங்களே?"

"அதே தகடுதானுங்க மாஸ்டர்" என்றேன். "வந்த நாள்லேருந்து இப்படியேதான் இருக்குதுங்க."

நாக்கூசாமல் சொன்னேன். திக்கவில்லை, திணறவில்லை. இரண்டு வருஷமாகப் பழகாமல் இருந்த அவர்கள் ஊர் 'ங்க'வைக்கூட அன்றைக்கு எங்கிருந்தோ கச்சிதமாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்க முடியாது என்றுதான் அந்தப் பழமொழிக்கு அர்த்தம். சுத்தப் பொய். மறைக்க முடியும். நான் மறைத்தேன்.

மாஸ்டர் உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் அழுத்தித் தேய்த்துவிட்டுத் திரும்பவும் தகட்டைப் பார்த்தார்.

முதலாளி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் குரலில் பால் வடிந்தது. "வயசாச்சுன்னா கண்ணு மங்கறது சகசந்தானுங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க. நாளைலருந்து ஸ்டோர்ல உக்காந்து சாயத்துக்குப் போடற உப்பு மூட்டை எண்ணிக்கிட்டு இருங்க, போதும்" என்றார். இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்ரூவல் வேண்டாம் என்று சொன்ன வாயை அவர் ஞாபகமாக மூடிக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து அருவருக்க எனக்கு என்ன யோக்கியதை?

மாஸ்டர் ஸ்டோருக்கு வரவில்லை. மறுநாளே நின்றுவிட்டார். வாரம் திரும்புவதற்குள் வேலம்பாளையம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. மாஸ்டருக்குக் கண் அவுட்டாம், பூஜை முடிந்த மறுநாளே ஒரு லாட்டைக் கெடுத்துவிட்டாராம் என்று பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரோ சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆர்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் கேவலம். கெட்ட கலர் எதுவானாலும் கறுப்பாக்கிவிடலாம் என்பது திருப்பூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துணி முழுவதையும் கறுப்புச் சாயத்தில் விட்டு வேறொரு பையரின் பனியனுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தகட்டை வைத்து வெளி டையிங்கில் புதுத் துணி சாயம் ஏற்றி, கப்பலையும் பிடித்தார்கள். எழுத்தெல்லாம் அச்சாக வந்திருக்கிறது என்று அமெரிக்காவிலிருந்து பாராட்டு வந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும், "இந்தப் புள்ள ஒண்ணுதானுங்க அந்தப் பதினாலு பக்கத்தையும் உக்காந்து படிச்சுது" என்றார். அசிஸ்டென்ட் என்ற வார்த்தை என் வேலைப் பெயருக்கு முன்னாலிருந்து போனது. ஆபீசில் கேக் வெட்டினோம். நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நான்கு வருஷம் அப்படியே போனது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். ஆர்டர் வரும், ஆடிட் வரும், எனக்குக் கல்யாணம் வந்தது, சொல்வது தள்ளிப்போனது. ஒருநாள் கட்டிங் வேஸ்ட் எடுக்கிற குடோன் ஒன்றுக்கு வேலம்பாளையத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். பெண்கள் தரையில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைக் கலர் கலராகப் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்ததை மூட்டையாகக் கட்டி எடை போடுகிற இடத்தில் மாஸ்டர் நின்றிருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஒரு பெண் மூட்டையைத் தள்ள, அவர், "இது என்ன கலருங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று கேட்டு எழுதினார். என்னைக் கண்டதும், "அம்மிணி, சௌக்கியமுங்களா?" என்று சிரித்தார். எனக்கு ஓட்டம் எடுக்கலாம் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, அதே சேலையோடு விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பதினொரு மணி இருக்கும். லைன் வீடு. அவருடைய சம்சாரம் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். காபி வந்தது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் போட்டது, பதினோராம் பக்கத்தைப் படிக்காதது, பாத்ரூமில் கழுவியது, முற்றத்தில் பொய் சொன்னது. நடுவில் அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது இன்னும் வெறுப்பாக இருக்கிறது. யார் வீட்டில் வந்து யார் அழுவது?

மாஸ்டர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"என்ன எண்ணெய்ங்க போட்டீங்க?"

"வெள்ளை எண்ணெய் மாஸ்டர். தையல் மிஷினுக்குப் போடறது."

அவர் உதடு எதையோ கணக்குப் போட்டது. "அப்ப நான் புடிச்ச கலரு செரி" என்றார். சுவரைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். "நான் பாத்த தகட்டுக்கு நான் புடிச்ச கலரு செரி."

வாசலில் நின்ற அவர் சம்சாரம்தான் பேசினார். சத்தம் போடவில்லை. "கண்ணாஸ்பத்திரில நல்லா இருக்குதுன்னுதானுங்க சொன்னாங்க. கிட்டத்துல படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போடுங்கன்னாங்க. இவரு நம்பலீங்க. டாக்டரு பாக்கறது வேற, சாயம் பாக்கற கண்ணு வேற, அது போயிருச்சுன்னுட்டாரு. நின்ன வாரமே, பேச்சு பரவறதுக்கு முன்னாலயே, மூணு டையிங்ல வந்து கூப்புட்டாங்க. இன்னொருத்தர் துணியக் கெடுக்க மாட்டேன்னு போகலீங்க. எம் பொண்ணு கண்ணாலத்துக்குச் சீலை எடுக்கப் போனப்பக்கூடக் கடைக்குள்ள வரலீங்க. ரோட்டுலயே நின்னுக்கிட்டாரு."

"நான் வந்து முதலாளிகிட்டச் சொல்றேன் மாஸ்டர். எல்லார் முன்னாலயும் சொல்றேன்" என்றேன்.

"அவருகிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்றார். "அவரு பேச்சக் கேட்டா நான் நின்னேன்? பச்சோந்தியான்னு கேட்டாரு, சிரிச்சாங்க, அதெல்லாம் ரெண்டு நாள்ல மறந்துருமுங்க. நீங்க சொன்னீங்க பாருங்க, அதே தகடுதான்னு. படிச்ச புள்ள, அதுக்கு என்ன வந்துச்சு பொய் சொல்றதுக்குன்னு நெனச்சேன். ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கோணுமல்லங்க. என்ற கண்ணுதான் பொய்யின்னு வெச்சுக்கிட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வருகிறேன் என்று அவரும் எழுந்தார். வேண்டாம் என்றேன். ஊட்டுக்கு வந்தவங்களத் தனியா அனுப்பறதில்லீங்க என்று செருப்பை மாட்டினார். கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

லைன் வீடுகளுக்கு நடுவே நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வழி நெடுகக் கம்பிகளில் துணி காய்ந்தது. மாஸ்டர் மெதுவாக நடந்தார். ஒரு சேலைக்கு முன்னால் நின்று, வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தார்.

"அரக்கு" என்றார்.

நாலு எட்டு வைத்து இன்னொன்று. "இது மயில் கழுத்து. பச்சை கொஞ்சம் தூக்கல்." அடுத்தது, "வெந்தயக் கலரு." அதற்கடுத்தது ஒரு குழந்தையின் கவுன். அதன் ஓரத்தை விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வாடாமல்லி. வெளுத்த வாடாமல்லி."

எல்லாம் சரியாக இருந்தது. நான் பின்னாலேயே வந்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"சரிதான் மாஸ்டர். எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அடுத்த கம்பியில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்களக் கேக்கலீங்க, அம்மிணி."